டீமேக்கரின் மூக்கு கேட்ட நட்டஈடு

1. அப்புத்தளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், மழை நாளொன்றில், தேயிலை பதம் பார்க்கும் டீமேக்கர் செல்லையா தொழிற்சாலைப் படியில் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தார்.

2. பின்தலையில் தையல் போட்டார்கள். கை, கால், கண், காது எல்லாம் சரியாக இருந்தன. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

3. வீட்டுக்கு வந்தவர் மனைவியின் சமையலில் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

4. மனைவி பயந்துபோய் எங்கள் காப்புறுதிக் கம்பெனியின் பதுளைக் கிளைக்குத் தொலைபேசி எடுத்தார்.

5. அவருடைய வருமானக் காப்புறுதியில் ஒரு நட்டஈட்டுக் கோரிக்கை பதிவாயிற்று. பாதிக்கப்பட்ட உறுப்பு என்ற இடத்தில் மூக்கு என்று இருந்தது.

6. கொழும்பிலிருந்து மூத்த மதிப்பீட்டாளர் வந்தார். அவர் கண்முன்னாலேயே டீமேக்கர் தேயிலையை முகர்ந்து, என்ன வாசம் என்று மெச்சினார்.

7. கோரிக்கை அந்த இடத்திலேயே முடிந்திருக்கவேண்டும்.

8. முடியவில்லை. அதற்குக் காரணமான டின்னுக்கு நான் பொறுப்பல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பதுளைக் கிளையின் களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் முதல் நான் மேசை வேலைக்கு மாறுகிறேன். என் வயதில் இதை ஓய்வு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். லுணுகலை, அப்புத்தளை, வெலிமடை என்று ஸ்கூட்டரில் ஏறி இறங்கிய என் முதுகு சிரிக்காது. கோரிக்கையை எப்படிப் பதிவது, எந்தச் சான்றை எதனோடு இணைப்பது என்பதெல்லாம் கைநூலில் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், தூக்கம் வராத நாளில் வாசியுங்கள். ஒருவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கும்போது, எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, என்ன செய்வது என்பதுதான் அதில் இல்லை.

முதலில் நாம் விற்கும் பொருளைப் பற்றிக் கொஞ்சம். ஆயுள் காப்புறுதி எல்லோருக்கும் புரியும். ஆள் போனால் குடும்பத்துக்குப் பணம். வருமானக் காப்புறுதியில் ஆள் இருக்கிறார். சாப்பிடுகிறார், கிரிக்கெட் பார்க்கிறார், வெற்றிலை போடுகிறார். உழைக்க மட்டும் முடியவில்லை. அப்போது அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் நாம் கொடுக்கிறோம். உழைத்துச் சாப்பிடும் எவருக்கும் தேவையான பொருள், ஆனால் விற்பது கடினம். "கை கால் போனாத்தானே குடுப்பீங்க? எனக்கு ஏங்க போகுது?" என்று கேட்பார்கள். இயலாமை என்றதும் எல்லோர் கண்ணிலும் ஊன்றுகோல்தான் தெரிகிறது. கொழும்பில் இருப்பவர்கள் கண்ணிலும்தான்.

செல்லையா ஐயாவுக்கு இதை விற்றவர் பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா. கடையோடு சேர்த்து நமக்கு முகவராகவும் இருக்கிறார். தீபாவளிக்கு வேட்டி வாங்க வந்தவரிடம் வேட்டியையும் காப்புறுதியையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

"நான் என்ன மரமா ஏறுறேன், கீழ விழ?" என்று டீமேக்கர் கேட்டிருக்கிறார். "என் வேலையெல்லாம் மூக்குலதான். மூக்குக்கு உண்டா உங்க கம்பெனியில?"

"தொழிலுக்கு உண்டு சேர்," என்றாராம் நானா. "உங்க தொழில் மூக்குல இருந்தா மூக்குக்கும் உண்டு."

இருவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நானா அன்று சரியான ஒப்பந்தத்தை விற்றிருந்தார். நம்மிடம் இரண்டு வகை உண்டு. 'எந்த வேலையும் செய்ய முடியாவிட்டால்' என்பது ஒன்று. அது விலை குறைவு; வாயில்காப்பாளர் கதிரையில் உட்கார முடிந்தாலே ஒன்றும் கிடைக்காது. 'தன் தொழிலைச் செய்ய முடியாவிட்டால்' என்பது மற்றது. டீமேக்கரிடம் இருந்தது அது. இந்த வித்தியாசத்தை உங்கள் வாடிக்கையாளருக்குப் புரியும்வரை சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்பார்கள். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

டீமேக்கரின் தொழில் மூக்கில் இருக்கிறது என்பது விளையாட்டுப் பேச்சல்ல. தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். அங்கே உருட்டி நசுக்கிய கொழுந்தை விரித்துவைப்பார்கள். அது மெல்ல நிறம் மாறும். பச்சை வாசம் போய், கனிந்த பழத்தின் வாசம் எழும் அந்தச் சமயத்தில் அடுப்புக்கு அனுப்பவேண்டும். முந்தினால் தேநீர் பச்சையாகக் கடிக்கும். பிந்தினால் சப்பென்று போகும். மணிக்கூடு இதைச் சொல்லாது, ஏனென்றால் பனி மூடிய நாளில் ஒரு கணக்கு, காற்று வீசும் நாளில் வேறு கணக்கு. ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுபோய் டீமேக்கர் தலையை ஆட்டினால்தான் அது நகரும்.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. பேசியவர் அவருடைய மனைவி புவனா அக்கா.

"மிஸ், எங்க வீட்டுக்காரருக்கு என்னமோ ஆயிடுச்சுங்க."

"என்ன செய்யுது அக்கா?"

"ஒண்ணுமே செய்யலங்க. அதான் பயமா இருக்கு. கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து கொழம்புல குத்தம் சொன்ன மனுஷன். வெந்தயம் கருகினா ஸ்டோர்ல இருந்தே கண்டுபிடிச்சிருவாரு. இப்ப பருப்பு அடிப்பிடிச்சுக் கெடக்கு, நல்லாயிருக்குன்னு ரெண்டாந்தரம் போட்டுக்கிறாரு."

"பசியா இருந்திருக்கும் அக்கா."

"பூனைக்கு வச்ச கெட்டுப்போன மீனை எடுத்துச் சாப்பிட்டாருங்க. பூனை மோந்து பாத்துட்டு வேணாம்னு போயிருச்சு. அதுக்கப்புறம் இவரு சாப்பிட்டாரு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். களப்பணியில் எனக்குக் கிடைத்த மிக நல்ல மருத்துவச் சாட்சியம் இன்றுவரை அந்தப் பூனைதான். நீங்களும் ஒரு வீட்டுக்குப் போகும்போது, இவரால் எது முடியாது என்று கேட்காதீர்கள். எதை நிறுத்திவிட்டார் என்று கேளுங்கள். முடியாததை மனிதர்கள் மறைப்பார்கள். நின்றுபோனதை வீட்டில் இருப்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

புவனா அக்கா அவரை விடாமல் பிடித்து மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். தலை அடிபட்டதில் வாசனை நரம்பு அறுந்திருக்கலாம், திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஐயா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறுநாள் வழக்கம்போல ஸ்டோருக்குப் போனார். அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு பிடி அள்ளினார், முகர்ந்தார், தலையை ஆட்டினார். எல்லாம் கைமணிக்கூட்டைக் கள்ளமாகப் பார்த்துத்தான்.

"தூள் கெட்டுப்போகுதுன்னு கொழும்பு ஏலத்துல இருந்து தோட்டத்துத் தொரைக்குப் பேச்சு வருது," என்றார் அக்கா, அடுத்த தடவை பேசியபோது. "விஷயம் தெரிஞ்சா வேலை போயிரும். வேலை போனா இந்தக் கோட்டர்ஸ் வீடும் போயிரும். தெரியாமலே இருந்தா, தூளைக் கெடுத்தான்னு சொல்லி அனுப்புவாங்க. அப்ப உங்க காப்புறுதியும் குடுக்காது, இல்லையா?"

குடுக்காது. திறமைக்குறைவால் வேலை போனால் நாம் ஒரு சதமும் கொடுப்பதில்லை. இயலாமையால் போனால்தான் கொடுப்போம். ஆக, அந்த வீட்டின் அரிசி, பருப்பு, கூரை எல்லாம் ஒரே விஷயத்தில் தொங்கின. தன் மூக்கு வேலை செய்யவில்லை என்று டீமேக்கர் தன் வாயால் சொல்லவேண்டும்.

"அதை அவர் சொல்லமாட்டாருங்க," என்றார் அக்கா. "கோரிக்கைப் பத்திரத்துல கையெழுத்தே நான் சோத்தைப் போடமாட்டேன்னு சொல்லி வாங்கினது. நீங்க வந்தா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யவேணாம் அக்கா. வீட்டுல அவர் வழக்கம்போல இருக்கட்டும். நாங்க பார்த்துக்கிறோம்."

நான் சொன்னது இவ்வளவுதான். நினைவில் வைத்திருங்கள்.

கோரிக்கையைக் கேள்விப்பட்ட கொழும்பு, மூத்த மதிப்பீட்டாளரையே அனுப்பியது. யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்குக் கொழும்பு சேர். நேர்மையானவர், அளந்து பேசுபவர், குளிருக்குப் பயந்தவர். அப்புத்தளை ஸ்டேசனில் இறங்கும்போதே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"பிள்ளை, நான் கைக்குக் குடுத்திருக்கிறன், கண்ணுக்குக் குடுத்திருக்கிறன். முதுகெண்டு சொல்லி என்னை ஏமாத்தினவைக்கும் குடுத்திருக்கிறன். மூக்குக்கு ஒருத்தரும் கேட்டதில்லை."

"தொழில் மூக்குல இருக்கு சேர்."

"இருக்கட்டும். இல்லையெண்டதை எப்பிடிப் பாக்கிறது? அதுக்குத்தான் இது." அவர் பையைத் தட்டினார். உள்ளே ஓர் அமோனியாப் போத்தல் இருந்தது. "இதை மணந்து அசையாமல் இருந்தாரெண்டால் நான் நம்புறன்."

என் பையிலும் போத்தல்கள் இருந்தன. நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். பிஸ்கட் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று படித்தேன். காப்புறுதிக் கம்பெனியில் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் கற்ற ஒரே ஒரு சோதனையாவது உதவப்போகிறது என்ற சந்தோஷத்தில் ஏலக்காய்த் தண்ணீர், வெறும் தண்ணீர் என்று போத்தல்களை நிரப்பி, எண் ஒட்டி, வரிசை எழுதி வைத்திருந்தேன். அவர் அமோனியாவைப் பற்றிச் சொன்னதை அப்போதே திருத்தியிருக்கலாம். வளைவுகளில் ஆட்டோ குலுக்கிய குலுக்கலில் அவர் முகம் இருந்த நிலையைப் பார்த்து, பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

டீமேக்கர் தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றார். நெடிய மனிதர். வகிடு எடுத்த தலையில் தையல் போட்ட இடம் மறைந்திருந்தது.

"வாங்க சேர், வாங்க மிஸ். ரோட்டுல பனியா?"

"பனிதான். மூக்கு எப்பிடி ஐயா இருக்கு?" என்றார் கொழும்பு சேர், நேராக.

"மூக்கா? இருக்கு சேர்." அவ்வளவுதான் பதில். "உக்காருங்க."

இங்கே உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் டீமேக்கர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், தேநீர் சமையலறையிலிருந்து நேரே வராது. டீமேக்கர் முதலில் தேயிலை டின்னைக் கூடத்துக்குக் கொண்டுவருவார். மூடியைத் திறப்பார். கொஞ்சம் தேயிலையை உள்ளங்கையில் கொட்டி, அதன்மேல் வாயால் சூடாக ஊதுவார். ஊதினால் காய்ந்த தேயிலை வாசத்தை விடும். தான் முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளங்கையை விருந்தாளியிடம் நீட்டுவார். விருந்தாளியும் முகர்ந்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர் கொதிக்கும்.

மூக்கு போய்விட்டது என்று நட்டஈடு கேட்கும் ஒருவர், அதைச் சோதிக்க வந்தவரிடம் இந்த மரியாதையைச் செய்வாரா? செய்தார். வேறு எப்படி விருந்தாளியை வரவேற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. டின்னைத் திறந்தார், கொட்டினார், ஊதினார், கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தார்.

"என்ன வாசம்," என்றார். "காத்துக் காலத்துத் தூள் சேர். இந்த வாசம் வேற எங்கயும் வராது. பாருங்க."

கொழும்பு சேர் உள்ளங்கைக்கு மேல் குனிந்தார். அவர் கண்களும் மூடிக்கொண்டன. அது ரசனையால் அல்ல என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"ம்," என்றார். "நல்ல மணம்."

மலைத் தேயிலைக்கு இதுதான் வாசம் போலும் என்று எண்ணினாராம்; உடனே குறித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த எனக்கு எழுத்துத் தெரிந்தது: கோரிக்கையாளர் முகர்கிறார், வாசனையை விவரிக்கிறார்.

உள்ளங்கை என்னிடம் வந்தது. நெத்தலிக் கருவாடு. சந்தேகமே இல்லை. நான்கு வருடப் படிப்பு இல்லாதவர்களுக்கும் தெரிந்திருக்கும். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் டீமேக்கர் வீட்டில் தேயிலை டின்னுக்குப் பக்கத்தில் சோப்புக்கட்டியைக்கூட வைக்கமாட்டார்கள். இந்தத் தேயிலை கருவாட்டோடு ஒரே டின்னில் குடித்தனம் நடத்தியிருந்தது.

நான் சமையலறை வாசலைப் பார்த்தேன். புவனா அக்கா அங்கே நின்று ஈரமில்லாத கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. கோயிலில் பிரசாதத்துக்கு நிற்பவர் முகம்.

"சரி பிள்ளை," என்று கொழும்பு சேர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "மனுசனுக்கு மணக்குது. எழும்புவம்."

அந்த நேரத்தில் என் முன்னால் இருந்த வழிகளை வரிசைப்படுத்தினேன். அது என் பழக்கம். பயத்திலும் பட்டியல் போடுவேன்.

ஒன்று: இது கருவாடு என்று நானே சொல்லிவிடலாம். கோரிக்கை பிழைக்கும். ஆனால் தன் வீட்டில், தன் தேயிலையோடு, விருந்தாளி முன்னால் ஒரு டீமேக்கரை நான் உடைத்தவளாவேன்.

இரண்டு: ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிடலாம். மரியாதை பிழைக்கும், வீடு போகும்.

மூன்று: கொழும்பு சேரையே சொல்லவைக்கலாம். அவர் எழுதிய அறிக்கையை அவர் வாயாலேயே மறுக்கவைக்கலாம்.

மூன்றாவதுக்கு நேரம் தேவை. "டீ குடிக்காமப் போனா மரியாதையில்ல சேர்," என்றேன் சத்தமாக.

"அதானே," என்றார் புவனா அக்கா. "கொதிச்சுக்கிட்டு இருக்கு. பால் போடட்டுமா? பால் போட்டா வாசம் அடங்கிப்போயிரும். பிளேன் டீயாவே குடிங்க சேர்."

டீ வந்தது. ஆவியோடு. கொழும்பு சேர் ஒரு வாய் குடித்தார். அந்த மனிதரின் வளர்ப்பை நான் இன்றும் மெச்சுகிறேன். அவர் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. விழுங்கியபோது தொண்டை மட்டும் இரண்டு தரம் ஏறி இறங்கியது. நான் கோப்பையை உதட்டில் வைத்து வைத்து எடுத்தேன். டீமேக்கர் தன் கோப்பையை முழுக்கக் குடித்து, நாக்கைத் தட்டி, "சாயம் நல்ல ஏத்தம்," என்றார்.

"எப்பிடி சேர்?" என்றார் அக்கா.

"நல்லம்."

"கொழும்புல இப்பிடிக் கெடைக்காதுங்க."

"கிடைக்காது அம்மா." இதை மிகவும் உண்மையாகச் சொன்னார்.

"அப்ப இன்னொரு கப்."

"இல்லை, காணும் அம்மா, வழியில..."

"கூச்சப்படாதீங்க சேர்." கோப்பை மறுபடியும் நிரம்பியது. கொழும்பு சேர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் குறிப்புகளைப் பார்த்தேன். அவர் கோப்பையை எடுத்து, பாதி வழியில் நிறுத்தி, மேசையில் வைத்துவிட்டார்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. இதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

"ஏன் சேர், வாசம் சரியில்லையா? எங்க ஐயா நல்லாயிருக்குன்னாரே. நீங்களும் நல்ல மணம்னு சொன்னீங்களே."

கொழும்பு சேர் குனிந்து பார்த்தார். தான் எழுதிய வரி அவர் மடியில் திறந்தே கிடந்தது.

டீமேக்கர் மனைவியைப் பார்த்தார். டின்னை எடுத்தார். கையில் கொட்டி ஊதி முகர்ந்தார். மறுபடியும் ஊதி முகர்ந்தார். மூன்றாந்தரம் கையை மூக்கோடு ஒட்டவே வைத்துக்கொண்டார். தேயிலைத் துகள் மீசையில் ஒட்டியிருந்தது.

"என்ன வாசம் புவனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை.

"கருவாடுங்க."

"கருவாட்டு டின்னிலயா போட்ட?"

"ஆமாங்க."

"என் தூளை?"

"ஆமாங்க."

டின்னை மெல்ல மூடினார். மூக்கு போனதைவிட அந்தத் தேயிலைக்கு நேர்ந்ததுதான் அவருக்கு வலித்தது போலிருந்தது. "அதைவிட ஸ்டோருக்கு வந்து தொரைகிட்ட சொல்லியிருக்கலாம் நீ," என்றார்.

"தொரைகிட்ட நீங்கதான் சொல்லணும். அது என் வேலையில்ல."

கொழும்பு சேர் தொண்டையைச் செருமினார். அவர் அனுபவசாலி, தோற்ற இடத்திலிருந்து வேறு வாசலால் வருவார்.

"பிள்ளை, இது நல்ல நாடகம். புருசனும் பெண்சாதியும் பேசிவச்சுச் செய்யலாம். கூடாத மணமெண்டு தெரிஞ்சுகொண்டே நல்ல வாசமெண்டு சொல்ல ஆருக்கும் ஏலும். நானே சொன்னன்தானே."

அது நியாயமான சந்தேகம். உங்களுக்கு அப்படிப்பட்ட சந்தேகம் வந்தால் அடக்காதீர்கள். அவர் அமோனியாப் போத்தலை எடுத்துத் திறந்து டீமேக்கரின் மூக்குக்குக் கீழே பிடித்தார். டீமேக்கர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாத்தியா?" என்றார் கொழும்பு சேர். "மணக்குது."

"இல்ல சேர். அது வாசனை இல்ல, எரிச்சல். வெங்காயம் நறுக்கினா சளி பிடிச்சவனுக்கும் கண்ணீர் வரும். அமோனியா போற நரம்பு வேற. வாசனை தெரியாதவரும் தலையை இழுப்பார். நடிக்கிறவருக்குத்தான் அது தெரியாது. அவர் கல்லு மாதிரி இருப்பார்."

"அப்ப நான் சொன்னது..."

"தலைகீழா இருக்கு சேர். இதைத் தாங்கிக்கிட்டு இருந்திருந்தாத்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்."

அவர் போத்தலை மூடி வைத்தார். அவசரப்பட்டுத் தானும் கொஞ்சம் முகர்ந்துவிட்டார் போலும். இருவருக்குமே கண் சிவந்திருந்தது.

பிறகு என் போத்தல்கள். மூன்று மூன்றாக வைத்தேன். இரண்டில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஏலக்காய். எது வேறு என்று சொல்லவேண்டும். வரிசையை மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாசனை தெரிந்தவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்வார். தெரியாதவர் குருட்டாம்போக்கில் மூன்றில் ஒன்றைப் பிடிப்பார். நடிப்பவர் ஏலக்காயைத் தவிர்த்துத் தவிர்த்து அதைவிடவும் குறைவாகப் பிடிப்பார், அங்கேதான் மாட்டுவார். செல்லையா ஐயா மூன்றில் ஒன்றுக்குப் பக்கமாக நின்றார். அவ்வளவு ஒழுங்காகத் தவறிய ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

ஆனால் எனக்கு அந்தப் போத்தல்கள் தேவையாக இருக்கவில்லை. கொழும்பு சேர் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: "சேர், பணத்துக்காகப் பொய் சொல்றவர் பணம் கிடைக்கிற பக்கமாப் பொய் சொல்வார். இவர் காலையில இருந்து பணம் கிடைக்காத பக்கமாப் பொய் சொல்றார்."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு குறிப்பில் முதல் வரியை வெட்டினார். அதற்குக் கீழே எழுதியதை எனக்குக் காட்டாமல் மூடிக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார்.

"நான் எழுதுறது போதாது ஐயா. வேலை செய்ய ஏலாதெண்டு வேலை குடுக்கிறவர் ஒப்பமிட வேணும். நீங்கள் மறைச்சுக்கொண்டு வேலைக்குப் போனால் ஒருத்தரும் ஒரு சதமும் தரமாட்டினம். நாங்களும் மாட்டம்."

டீமேக்கர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாசலில் செருப்பைப் போட்டார். மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் தேயிலைச் சரிவுக்கு நடுவே போகும் பாதையில் தொரை பங்களாப் பக்கம் நடந்தார். தலை நிமிர்ந்துதான் இருந்தது. புவனா அக்கா வாசல் வரை வந்து அவர் முதுகு பனியில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையில் உண்மையில் ஈரம் இருந்தது.

நாங்கள் காத்திருந்தோம். யாரும் தேநீர் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர் முகம் விநோதமாக இருந்தது. கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

"தொரை என்ன சொன்னாரு?" என்றார் அக்கா.

"நான் குடிக்க ஆரம்பிச்சிட்டேன்னு நெனச்சிருக்காரு. மூணு பேரை விட்டு என்னைக் கண்காணிச்சிருக்காரு. மூக்குதான்னு சொன்னதும், அப்பாடான்னு நாற்காலியில சாஞ்சிட்டாரு."

"நீங்களா? குடிச்சா?" புவனா அக்காவுக்கு வந்த கோபத்தில் அன்றைக்குத் தொரைக்கு விக்கல் எடுத்திருக்கும்.

இந்தக் கதையில் உங்களுக்கு நான் தரக்கூடிய பாடம் ஒன்று உண்டென்றால் அது கருவாட்டைப் பற்றியதல்ல. எங்கள் பக்கத்து மக்கள் விருந்தாளி முன்னால் தங்கள் இயலாமையைக் காட்டமாட்டார்கள். முதுகு போனவர் எழுந்து உங்களுக்குக் கதிரை தூக்கிப்போடுவார். முழங்கால் போனவர் கோப்பையை எடுக்க ஓடுவார். நீங்கள் அதைப் பார்த்து 'நன்றாக இருக்கிறார்' என்று எழுதினால், நீங்கள் எழுதியது அவருடைய உடலைப் பற்றியல்ல, அவருடைய மரியாதையைப் பற்றி. ஒரு வீட்டில் முதல் கால்மணி நேரம் எதையும் எழுதாதீர்கள். பேனாவை வெளியே எடுக்கவே வேண்டாம். கொழும்பு சேரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்; அவரே எனக்குச் சொன்னார்.

இப்போது நிலைமை இது. கோரிக்கை ஏற்கப்பட்டது. செல்லையா ஐயா டீமேக்கர் இல்லை. ஸ்டோரின் இயந்திரங்களையும் அடுப்பையும் பார்க்கிறார், சம்பளம் குறைவு, குறைந்த பங்கை நம் கம்பெனி மாதாமாதம் ஈடுசெய்கிறது. கோட்டர்ஸ் சின்னது ஒன்றுக்கு மாறினாலும் கூரை இருக்கிறது. புதிய டீமேக்கர் மூக்கு உள்ளவர், ஆனால் இயந்திரம் சத்தம் மாறினால் செல்லையா ஐயாவைத்தான் கூப்பிடுகிறார். வாசனை திரும்பவில்லை. அக்காவின் சமையலில் குற்றம் சொல்ல இப்போது ஆளில்லை. அது தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று அக்காவே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

வருடத்துக்கு ஒரு தரம் மீளாய்வு உண்டு. அடுத்த முறை உங்களில் ஒருவர் போவீர்கள். அவர் டின்னைக் கொண்டுவருவார், கொட்டுவார், ஊதுவார். இப்போது அவர் முகர்வதில்லை. உள்ளங்கையை உங்களிடம் நீட்டி, "நீங்க சொல்லுங்க," என்பார். என்ன வாசம் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். கருவாடு என்றால் கருவாடு என்று சொல்லுங்கள்.